சிங்கப்பூரில் துணி மாடலாக வேலை பார்ப்பது எப்படி: அளவு நாடா முதல் வரிக் கணக்கு வரை

ஊபியில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடம். சரக்கு லிஃப்டில் ஏறி, டயர் கடையையும் பிரிண்டிங் கடையையும் தாண்டிப் போனால் ஒரு ஸ்டூடியோ. தரையில் விரித்த வெள்ளைத் தாளின் மேல் லினன் உடையில் நிற்கிறேன். முன்னாலிருந்து பார்த்தால் எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். பின்னால் வந்தால் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஏழு கிளிப்புகள். சாம்பிள் மீடியம் அளவில் வந்துவிட்டது, என் உடம்போ ஸ்மால். மூச்சைக் கொஞ்சம் ஆழமாக இழுத்தாலும் ஒரு கிளிப் தெறித்துப் போய்த் தரையில் விழும். அதோடுதான் சிரிக்க வேண்டும், நடக்க வேண்டும், பையில் கைவிட வேண்டும்.

இந்த வேலையைப் பற்றி விசாரிக்கும் தம்பி தங்கைகள் முதலில் கேட்பது, "அக்கா, எனக்கு அந்த முகம் இருக்கா?" என்றுதான். பல இணையக் கடைகள் படத்தை மூக்குக்குக் கீழே வெட்டிவிடுகின்றன என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். துணி மாடலுக்குக் காசு கொடுப்பது, வாங்குபவருக்கு அந்தத் துணி எப்படி விழும், எங்கே பிடிக்கும், எந்த நீளத்தில் நிற்கும் என்பதைக் காட்டுவதற்காக. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

முதலில், எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்

மாடலிங் என்றதும் மேடையில் நடப்பதுதான் நினைவுக்கு வரும். மேடைக்குப் பெண்கள் 170 சென்டிமீட்டருக்கு மேல், ஆண்கள் 180-க்கு மேல் என்பது ஏஜென்சிகள் பொதுவாக எதிர்பார்க்கும் உயரம். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் அங்கேயே தளர்ந்துவிடுகிறார்கள். ஆனால் இந்த ஊரில் மேடை வேலை குறைவு, அதில் நிலையான வருமானமும் குறைவு. அதை மட்டும் நம்பி இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சோறு போடுவது இணையக் கடை வேலைதான். அதன் வேர் இங்கேயே இருக்கிறது. 2000-களின் நடுவில் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தில் பெண்கள் தங்கள் அலமாரித் துணிகளை விற்கத் தொடங்கினார்கள். கடைக்காரரே மாடல், தோழியே புகைப்படக்காரர், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளமே ஸ்டூடியோ. அப்படி போனிட்டோசிகோ என்ற பெயரில் தொடங்கியதுதான் 2010-ல் லவ் போனிட்டோ என்ற துணிக்கடை ஆனது. 2012-ல் ஸலோரா என்ற இணையக் கடை வந்தது. அந்த வழக்கத்தின் மிச்சம் இன்னும் உண்டு: உள்ளூர்க் கடைகள் தங்கள் வாடிக்கையாளர் உயரத்தில் இருக்கும் மாடலைத் தேடுகின்றன. 160 சென்டிமீட்டர் பெண்ணுக்கு இங்கே வேலை இருக்கிறது.

அடுத்தது ஃபிட் மாடல். வெளியே தெரியாத வேலை, படம் எதுவும் வராது. மாதிரி உடையைப் போட்டுக்கொண்டு வடிவமைப்பாளர் முன் நிற்க வேண்டும். அவர் கை தூக்கச் சொல்வார், குனியச் சொல்வார், உட்காரச் சொல்வார். "கைக்குழி பிடிக்குது, உட்கார்ந்தா பின்பக்கம் கீழே இறங்குது" என்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்தால் உங்களை விடமாட்டார்கள். மணிக்கணக்கில் கூலி, வயது பெரிய தடையில்லை, அளவு மாறாமல் இருந்தால் போதும். வீட்டில் தையல் மெஷின் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தோதான வேலை. என் பெரியம்மா ஜாக்கெட் தைப்பதைப் பார்த்துக் கற்ற சொற்கள்தான் எனக்கு முதல் ஃபிட் வேலையை வாங்கித் தந்தன.

இவை போக லுக்புக் என்ற ரகத் தொகுப்புப் படங்கள், விளம்பரம், கைப்பேசியில் நேரலை விற்பனை என்று உண்டு. நேரலைக்கு வாய் வேண்டும். மூன்று மணி நேரம் நிறுத்தாமல் பேசிக்கொண்டே உடை மாற்றத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அளவெடுங்கள், பொய் சொல்லாதீர்கள்

தையல்காரர் வைத்திருக்கும் துணி நாடா ஒன்று வாங்குங்கள், லிட்டில் இந்தியாவின் தேக்காவில் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். மார்பு, இடுப்பின் மிக ஒடுங்கிய இடம், பின்புறத்தின் மிக அகன்ற இடம், தோள் அகலம், கை நீளம், உள்கால் நீளம், செருப்பு அளவு. ஆண்களுக்குக் கழுத்தும் வேண்டும். காலையில் வெறும் வயிற்றில், மெல்லிய உள்ளாடையோடு, நாடாவை இறுக்காமல் எடுக்க வேண்டும். நாமே எடுத்தால் நாடா முதுகில் சரியும், வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள்.

இடுப்பை ஓர் அங்குலம் குறைத்துச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்களா? எனக்கு ஆனதைச் சொல்கிறேன். முதல் வருடம் ஒரு பாவாடை வேலைக்கு அப்படித்தான் சொன்னேன். ஸிப் மேலே ஏறவில்லை. பின்னால் திறந்தபடி விட்டு, முன்னாலிருந்து மட்டும் படம் எடுத்தார்கள். பின்பக்கப் படம் எடுக்க முடியாததால் அந்த உடையையே இன்னொரு நாள், இன்னொரு பெண்ணை வைத்து எடுத்தார்கள். என்னைத் திட்டவில்லை. அந்தக் கடையிலிருந்து மறுபடி அழைப்பு வரவேயில்லை.

கடைகள் படத்தின் கீழே "மாடல் 163 செ.மீ., அணிந்திருப்பது எஸ்" என்று போடுவது வழக்கம். அந்த வரியை நம்பித்தான் பூன் லேயிலும் பொங்கோலிலும் இருக்கும் யாரோ ஒருவர் காசு கட்டுகிறார். மாதம் ஒருமுறை அளவெடுத்துத் தேதியோடு குறித்து வையுங்கள். உடம்பு மாறினால் சொல்லிவிடுங்கள். எல், டபுள் எக்ஸெல் அளவுகளுக்கும் மாடல் தேவை. ஸ்மாலுக்குள் புக முயன்று பட்டினி கிடப்பதைவிட, இருக்கும் அளவில் நல்ல மாடலாக இருப்பதுதான் வேலை தரும்.

டிஜிட்டல்ஸ்: போர்ட்ஃபோலியோவுக்கு முன்னால்

ஆயிரக்கணக்கில் கொட்டி ஆல்பம் எடுக்க வேண்டாம். ஏஜென்சியும் கடையும் முதலில் கேட்பது டிஜிட்டல்ஸ் என்ற எளிய படங்களைத்தான். ஒப்பனை இல்லாமல், முடி ஒரு படத்தில் கட்டியும் ஒன்றில் விரித்தும், உடம்போடு ஒட்டிய கறுப்பு டீசட்டை, ஜீன்ஸ் அல்லது லெகிங்ஸ். நேராக, பக்கவாட்டில், முக்கால் பக்கம், பின்னால், முகம் மட்டும் சிரித்து ஒன்று, சிரிக்காமல் ஒன்று.

எங்கே எடுப்பது? உங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கிலேயே. தாழ்வாரத்தில் ஒரு வெற்றுச் சுவர், காலை ஒன்பது மணி வாக்கில், நேர் வெயில் படாத இடம். கைப்பேசியை உங்கள் இடுப்பு உயரத்தில் பிடித்து, முழு உருவமும் அடங்கும்வரை பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூமில் எடுக்கச் சொல்லுங்கள். கிட்ட நின்று அகல லென்ஸில் எடுத்தால் தலை பெருக்கும், கால் சிறுக்கும். ஃபில்டர் போடாதீர்கள், தோலைத் தேய்க்காதீர்கள். காஸ்டிங் என்ற மாடல் தேர்வுக்கு நேரில் போகும்போது படத்தில் இருந்தவரே உள்ளே வர வேண்டும்.

கூடவே முப்பது விநாடி வீடியோ: பெயர், உயரம், நடந்து போய்த் திரும்பி வருவது. பெயர் சொல்லும்போது குரல் நடுங்கினால் பரவாயில்லை, எல்லாருக்கும் நடுங்கும்.

துணியைப் படிக்கப் பழகுங்கள்

இதுதான் தொழில். கண்ணாடி முன் முகபாவனை பழகும் நேரத்தில் பாதியைத் துணிக்குக் கொடுங்கள். வீட்டு அலமாரியிலிருந்து ஐந்து விதமான துணிகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

லினன் ஒருமுறை உட்கார்ந்தாலே மடியில் கோடு விழுந்துவிடும். அதனால் இடைவேளையில்கூட நின்றே இருக்க வேண்டும், அல்லது கழற்றிவிட்டு உட்கார வேண்டும். சாட்டின் ஒவ்வொரு சிறு மேட்டையும் வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். வயிற்றை உள்ளிழுப்பதைவிட எடையை ஒரு காலில் போட்டு இடுப்பைச் சற்றே திருப்பினால் துணி தானாக வழுக்கி நேராகும். ஜெர்ஸி ஒட்டும், கைகளை உடம்பிலிருந்து ஓர் அங்குலம் விலக்கி வையுங்கள். அகன்ற பாவாடைக்கு அசைவு வேண்டும். ஒரு அடி எடுத்து வைத்து நிறுத்தினால், துணி மட்டும் இன்னும் அரை விநாடி நகரும். புகைப்படக்காரர் காத்திருப்பது அந்த அரை விநாடிக்குத்தான்.

கையை எங்கே வைப்பது என்பது எல்லாருக்கும் வரும் தலைவலி. விற்பனையில் இருப்பது எதுவோ அதை மறைக்காதீர்கள், அவ்வளவுதான் விதி. பாக்கெட் உள்ள உடை என்றால் கை பாக்கெட்டில், கட்டை விரல் வெளியே. கழுத்து வேலைப்பாடு என்றால் முடியைப் பின்னால் தள்ளுங்கள். பட்டன் வரிசை இருந்தால் கையைக் குறுக்கே கட்டவே கூடாது.

சேலை: நம்முடைய பலம், ஆனால் கவனம்

சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள கடைகளுக்கும், வீட்டிலிருந்தே இணையத்தில் சேலை விற்கும் அக்காமார்களுக்கும் மாடல் தேவை. இங்கே தமிழ்ப் பெண்ணுக்கு இருக்கும் வசதி, ஐந்தரை மீட்டர் துணியை ஏழு நிமிடத்தில் தானே கட்டிக்கொள்ள முடிவதுதான். கட்டிவிட ஆள் தேவையில்லை என்றால் ஒரு நாளில் இரண்டு மடங்கு சேலை எடுக்கலாம். கடைக்காரர் அந்தக் கணக்கை உடனே போட்டுவிடுவார்.

முந்தின நாளே எந்தெந்தச் சேலை என்று கேட்டு, முடிந்தால் மடிப்புகளை இஸ்திரி போட்டு கிளிப் மாட்டி வைத்துவிடச் சொல்லுங்கள். உள்பாவாடை சேலை நிறத்துக்குப் பொருந்த வேண்டும். மெல்லிய ஷிஃபானில் வெள்ளைப் பாவாடை பளிச்சென்று தெரியும். ரவிக்கை பெரும்பாலும் தைக்காத துண்டாகவே வரும். அதனால் கறுப்பு, பொன், மெரூன், தந்தநிறம் என நான்கு ரவிக்கை சொந்தமாக வைத்திருங்கள். எனக்கு அந்த நான்கும் கொடுத்த வேலை எந்த ஹீல்ஸும் கொடுத்ததில்லை.

காஞ்சிப் பட்டில் விற்பது கரையும் முந்தியும். முந்தியை இடது முழங்கையில் விரித்துப் பிடிக்கும்போது மணிக்கட்டை உள்ளே மடக்கினால் ஜரிகைப் படம் மடிந்துபோகும். கையைத் தளர்த்தி, துணியின் எடையையே விரிக்க விடுங்கள். ஜரிகை நேர் வெளிச்சத்தில் வெள்ளையாக வெடிக்கும். உடம்பை நூலளவு திருப்பி, "இப்பப் பாருங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டே நிற்க வேண்டும். கண்ணாடி வளையலும் உரசும் சங்கிலியும் பட்டின் நூலை இழுத்துவிடும், முந்தியை விரித்த பிறகு நகையைப் போடுங்கள். ஒருமுறை ஜிமிக்கியில் மாட்டிய முந்தியை விடுவிக்க அரை மணி நேரம் ஆனது. கடை ஆன்ட்டி ஊசியை வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் என் காதோரம் நின்றார், அது விலை கூடிய சேலை.

தம்பிமார்களுக்கு: வேட்டியும் ஷெர்வானியும் அணிந்து இயல்பாக நிற்கத் தெரிந்த ஆண் மாடல் குறைவு. வேட்டிக்கு வெல்குரோ ஒட்டுப்பட்டை இருந்தாலும் உள்ளே ஒரு பெல்ட் போடுங்கள்.

வேலை எங்கே கிடைக்கும், வலை எங்கே விரித்திருக்கும்

இரண்டு வழி. ஏஜென்சிக்கு டிஜிட்டல்ஸையும் அளவையும் அவர்களுடைய இணையத்தளத்தின் விண்ணப்பப் பக்கம் வழியே அனுப்பலாம். பதில் வராவிட்டால் ஆறு மாதம் கழித்துப் புதுப் படங்களோடு மறுபடி அனுப்புங்கள். மற்றொன்று கடைகளுக்கு நேரடியாக எழுதுவது. "உங்கள் கடைத் துணி வாங்கி உடுத்துகிறேன், என் அளவு இது, வார நாளில் வர முடியும்" என்று மூன்று வரி, இரண்டு படம். சின்னக் கடைகள் நடத்துவது ஒன்றிரண்டு பேர்தான், படித்துவிடுவார்கள்.

தொடக்கத்தில் புகைப்படக்காரரும் மாடலும் காசு வாங்காமல் படத்துக்காகச் செய்துகொள்ளும் டெஸ்ட் ஷூட் இரண்டு மூன்று செய்யலாம். அதற்கு மேல் ஓசியில் செய்யாதீர்கள். கடைக்கு விற்பனைப் படம் எடுப்பதை டெஸ்ட் என்று சொல்லிக் கூப்பிட்டால் அதன் பெயர் வேறு.

இப்போது வலை. ஆர்ச்சர்ட் சாலையில் நடந்துகொண்டிருக்கும்போது ஒருவர் அட்டை நீட்டி, "உங்களுக்கு நல்ல லுக் இருக்கு" என்பார். அலுவலகத்துக்குப் போனால் பாராட்டு, தண்ணீர் பாட்டில், பிறகு ஆயிரம் சொச்சம் வெள்ளிக்குப் போர்ட்ஃபோலியோ, இல்லாவிட்டால் பயிற்சி வகுப்பு. "இன்னைக்கே கட்டினா பாதி விலை" என்பது கடைசி அம்பு. எனக்குப் பத்தொன்பது வயதில் அந்த அம்பு பட்டது, பகுதிநேர வேலையில் சேர்த்த காசு போனது. வந்த ஆல்பத்தில் என் தோலைப் பால் நிறமாக்கியிருந்தார்கள், எந்தக் காஸ்டிங்கிலும் காட்ட முடியவில்லை. நல்ல ஏஜென்சி நீங்கள் சம்பாதிப்பதிலிருந்து தரகு எடுக்கும், சேரும்போது பணம் கேட்காது. வேலை வருவதற்கு முன் உங்கள் கையிலிருந்து காசு போனால் எழுந்து வந்துவிடுங்கள்.

கைப்பேசியில் வரும் வலை இன்னும் மோசம். பிள்ளைக்கு மாடல் வேலை என்று பெற்றோரை டெலிகிராமில் சேர்த்து, ஏதோ பொருள் வாங்கினால் காசு திரும்பும் என்று சொல்லிப் பணத்தைக் கறப்பார்கள். அல்லது அளவு பார்க்க என்று உள்ளாடைப் படம் கேட்பார்கள். அளவுக்கு நாடா போதும். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

முதல் ஷூட்டுக்கு யாரையாவது துணைக்குக் கூட்டிப் போகலாமா என்று கேளுங்கள். நேர்மையான கடை தயங்காது. உடை மாற்றும் இடம் கதவோ கனத்த திரையோ உள்ளதா என்று முதலில் பாருங்கள். ஒளிந்து படம் எடுப்பது 2020 ஜனவரி முதல் இங்கே தனிக் குற்றம், அப்படி ஏதாவது கண்டால் வெட்கப்பட்டு நிற்காமல் 999-ல் போலீஸை அழையுங்கள்.

தோல் நிறம் என்கிற பேச்சு

சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர் ஏறத்தாழ 9 விழுக்காடு. பல செட்டுகளில் நீங்கள் ஒருவர்தான் கறுப்பு. 2019 ஜூலையில் ஒரு மின்னியல் கட்டண விளம்பரத்தில் சீன நடிகர் ஒருவரின் தோலைக் கருமையாக்கி இந்தியராகவும் காட்டியது பெரிய சர்ச்சையானது. மன்னிப்பும் கேட்டார்கள். அதற்குப் பிறகு காஸ்டிங் அறைகளில் "எல்லா இனமும் இருக்கா?" என்ற கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. நல்லதுதான். தீபாவளிக்கு மட்டும் நம்மை நினைக்கும் கடைகளும் இருக்கின்றன, அதுவும் உண்மை. போய் வேலை செய்யுங்கள், செய்துவிட்டு, "சீனப் புத்தாண்டு ரகங்களுக்கும் கூப்பிடுங்க" என்று கேட்டுவிடுங்கள். நான் அப்படிக் கேட்டுத்தான் முதல் சியோங்சாம் (சீனப் பெண்கள் உடை) படம் எடுத்தேன்.

நடைமுறை விஷயம் ஒப்பனை. ஒப்பனைக்காரரின் பெட்டியில் உங்கள் நிறம் இல்லாமல் போகலாம். இரண்டு சாயல் வெளிறிய ஃபவுண்டேஷன் பூசினால் முகம் சாம்பல், கழுத்து பழுப்பு. 2017-ல் ஃபென்டி பியூட்டி 40 சாயல்களோடு வந்த பிறகு கடைகளில் தேர்வு கூடியது. உங்களுக்குப் பொருந்தும் பாட்டிலை நீங்களே கொண்டுபோங்கள். "அக்கா, இது எனக்குச் சரியா உட்காரும், இதையே போடுறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முதல் உடையின் படத்தைக் கணினித் திரையில் பார்க்கும்போதே கழுத்தையும் கையையும் முகத்தோடு ஒப்பிடுங்கள். நாற்பது உடை முடிந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

ஷூட் நாள்

முந்தின இரவு கால்ஷீட் வரும்: இடம், நேரம், உடை எண்ணிக்கை. தாய் செங், காக்கி புக்கிட், ஊபி என்று ஸ்டூடியோக்கள் தொழிற்பேட்டைகளுக்குள் ஒளிந்திருக்கும். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெயிலில் நடக்கும் பத்து நிமிடத்தையும் கணக்கில் வையுங்கள், வியர்த்துப்போய்ப் போனால் ஒப்பனை நிற்காது.

பையில் என்ன? தோல் நிறத்தில் தையல் தெரியாத உள்ளாடை இரண்டு செட், பட்டை இல்லாத பிரா, உள்ளே போடும் குட்டை ஷார்ட்ஸ், கறுப்பிலும் தோல் நிறத்திலும் ஹீல்ஸ், இடைவேளைக்குச் செருப்பு, இருபக்கம் ஒட்டும் டேப், ஊக்கு, துணியில் ஒட்டிய முடியை எடுக்கும் ரோலர், எண்ணெய் ஒற்றும் தாள். தோல் நிறம் என்று கடையில் விற்பது பெரும்பாலும் வெள்ளைக்காரர் தோல். நம் பழுப்புக்குப் பொருந்துவதைத் தேடி வாங்க வேண்டும், வெளிர் சட்டைக்குள் அது தெரியாது. கூடவே ஒரு மெல்லிய பட்டுத் துணி. உடையைத் தலை வழியே போடும்போது முகத்தை அதால் மூடிக்கொண்டால் கழுத்துப் பட்டையில் ஃபவுண்டேஷன் ஒட்டாது. இதைச் செய்யும் மாடலை ஸ்டைலிஸ்ட் மறக்கமாட்டார்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். எட்டு மணி நேரம், நாற்பது உடை. ஒப்பனைக்கு ஒரு மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி போனால் 360 நிமிடம் மிச்சம். உடை ஒன்றுக்கு ஒன்பது நிமிடம். அதற்குள் மாற்றி, கிளிப் போட்டு, முன், பக்கம், பின், கிட்டத்தில் ஒன்று, அசைவில் ஒன்று. ஒவ்வொரு கோணத்துக்கும் இரண்டு மூன்று நிலை கையில் தயாராக இல்லாவிட்டால் மதியத்துக்குள் தடுமாறிவிடுவீர்கள். மதியம் பொருளாதாரச் சோறு, அதாவது மலிவான சோறும் கறிகளும், ஒரு பொட்டலம் வரும். உப்பும் குழம்பும் குறைவாகச் சாப்பிடுங்கள், சாயங்கால உடைகள் பெரும்பாலும் இறுக்கமானவை. தண்ணீரைக் குறைக்காதீர்கள், ஒருமுறை மயங்கி விழுந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

காசு, கையெழுத்து

கூலியைக் கேட்க நமக்குக் கூச்சம். கேட்க வேண்டியது கூலி மட்டுமல்ல: எத்தனை மணி நேரம், எத்தனை உடை, நேரம் கூடினால் எவ்வளவு, முந்தின நாள் ரத்தானால் எவ்வளவு, ஒப்பனை யார், பணம் எத்தனை நாளில். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் பேசியிருந்தால், "அண்ணே, பேசினதை ஒருமுறை எழுதி அனுப்புறேன், சரியான்னு பாருங்க" என்று நீங்களே அனுப்பிவிடுங்கள்.

பிறகு படப் பயன்பாடு. இணையக் கடையில் மட்டும் ஆறு மாதம் என்பது ஒரு விலை. அதே படம் எம்ஆர்டி நிலைய விளம்பரப் பலகைக்கும் மலேசியாவுக்கும் போனால் வேறு விலை. எந்த ஊடகம், எந்த நாடு, எவ்வளவு காலம் என்ற மூன்றையும் எழுதிக் கேளுங்கள். "எல்லாவற்றுக்கும், என்றைக்கும்" என்று இருந்தால் அது பை-அவுட், அதற்குப் பல மடங்கு கேட்கலாம். முகம் உங்களுடையது என்பதால் படம் உங்களுடையதாகிவிடாது. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கும் உரிமை பொதுவாக எடுத்தவருக்கே. ஆகவே நீங்கள் எழுதி வாங்கியதுதான் உங்கள் பிடி.

இப்போது ஒப்பந்தத்தில் ஒரு புது வாசகத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்: உடலை ஸ்கேன் செய்வது, செயற்கை நுண்ணறிவால் படத்தை மாற்றுவது, அதைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது. 2025-ல் எச் அண்ட் எம், 30 மாடல்களின் மின்னுருவ நகல்களை உருவாக்கப்போவதாகச் சொன்னபோது, நகலின் உரிமை மாடலிடமே இருக்கும் என்றும் அறிவித்தது. உங்கள் தாளில் அப்படி ஒரு வரி இருக்காது, நீங்கள்தான் கேட்டுப் போட வேண்டும். தனிக் கூலியும் தனிச் சம்மதமும் இல்லாமல் நகல் எடுக்கக் கூடாது என்று ஒரே வரி போதும்.

ஏஜென்சி வழியென்றால், உதாரணத்துக்கு 600 வெள்ளி வேலையில் 25 விழுக்காடு தரகு போனால் கைக்கு 450. அதுவும் இரண்டு மாதம் கழித்து வரலாம். எல்லா வேலையும் தன் வழியாகத்தான் வரவேண்டும் என்ற பிரத்தியேக ஒப்பந்தத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள், எத்தனை ஆண்டு, எப்படி விலகுவது என்று பாருங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் படித்துக் கையெழுத்திடட்டும்.

காசு வராவிட்டால்? எனக்கு ஒரு கடை ஐந்து மாதம் இழுத்தடித்தது. "அடுத்த வாரம் கண்டிப்பா" என்று இருபது செய்தி. முதலில் இன்வாய்ஸ் எண், தேதி, தொகையோடு நினைவூட்டல் அனுப்புங்கள். பிறகு சுயதொழில் செய்பவர்களுக்கும் சமரசம் பேசும் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணி இருக்கிறது. அடுத்து ஸ்மால் கிளெய்ம்ஸ் என்று எல்லாரும் சொல்லும், சிறு தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, இருவரும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், அங்கே வக்கீல் வாதாட முடியாது. நான் மன்றத்தில் பதியப்போவதாகச் செய்தி அனுப்பிய மறுநாள் பேநவ் என்ற கைப்பேசிப் பணப் பரிமாற்றத்தில் பணம் விழுந்தது.

சட்டமும் கணக்கும்

குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும் சிக்கலில்லை. ஊரிலிருந்து எம்பிளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் வந்தவர்கள் பக்க வேலையாக இதைச் செய்ய முடியாது. காசு வாங்காவிட்டாலும் அதை வேலையென்றே எடுத்துக்கொள்ள இடமுண்டு, மனிதவள அமைச்சிடம் கேட்காமல் இறங்காதீர்கள். டிபெண்டன்ட் பாஸில், அதாவது வேலை பார்ப்பவரின் குடும்பத்தினராக, இருப்பவர்களுக்கும் 2021 மே முதல் தனி வேலை அனுமதி வேண்டும். தேசிய சேவையில் இருக்கும் தம்பி, பிரிவின் அனுமதி இல்லாமல் வெளி வேலை எடுக்கக் கூடாது. அந்த இரண்டு ஆண்டை உடம்பைத் தேற்றிக்கொள்ளும் காலமாக வைத்துக்கொள், முடி வளர்ந்துவிடும்.

சுயதொழில் என்பதால் கடைக்காரர் மத்திய சேம நிதி (மசே நிதி) கட்டமாட்டார். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக்கு நீங்களே கட்ட வேண்டும். அலுவலக வேலை இருந்தாலும் மாடல் வருமானத்தையும் வரிக் கணக்கில் சேர்க்க வேண்டும், மின்வழித் தாக்கலுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 18. ரசீதுகளை ஐந்து ஆண்டு வைத்திருங்கள். எனக்கு ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. ஒப்பனைப் பொருள், வேலைக்கு மட்டும் வாங்கிய உள்ளாடை எல்லாம் அதில் போய் விழும். தினமும் உடுத்தும் ஜீன்ஸைச் செலவாகக் காட்ட முயலாதீர்கள்.

ஆண்டைப் பிரித்துக்கொள்வது

கடைகள் நமக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் வாழ்கின்றன. தீபாவளிச் சேலைப் படங்கள் ஆகஸ்ட், செப்டம்பரில். சீனப் புத்தாண்டு ரகங்கள் நவம்பரில். ஹரி ராயா ஆண்டுக்குப் பதினோரு நாள் போல முன்னே நகரும், பாஜு கூரோங் என்ற மலாய்ப் பெண்கள் உடை வேலையும் அதோடு நகரும். 9.9, 11.11, 12.12 என்ற தள்ளுபடி நாட்களுக்கு முந்தின மாதமும் நெருக்கடி. ஜூன் எனக்கு எப்போதும் காய்ந்த மாதம். ஆகவே வருமானத்தில் மூன்று மாத வாடகை அளவு ஒதுக்கி வைக்கும்வரை, பகுதிநேர வேலையை விடாதீர்கள். நான் விட்டது மூன்றாம் ஆண்டில்தான். அதற்கு முன் அம்மா கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "துணி போட்டுக் கழட்டுறதுக்கா காசு தர்றாங்க?" அவர் பிழையாகச் சொல்லிவிடவில்லை.

எனக்கு இப்போது முப்பத்து நாலு. முகம் தெரியும் வேலை மெல்லக் குறைகிறது, ஃபிட் வேலை கூடியிருக்கிறது. போன புதன்கிழமை ஒரு வடிவமைப்பாளர் குர்தா சாம்பிளைப் போடச் சொல்லி, கையைத் தூக்கச் சொன்னார். "கைக்குழியில கால் அங்குலம் விடுங்க, இல்லாட்டி பஸ்ஸில கம்பியைப் பிடிக்க முடியாது" என்றேன். சுண்ணாம்புக்கட்டியை எடுத்து அங்கேயே கோடு போட்டார்.